இடது தோள்

பெப்ரவரி 3, திங்கள்

இரவு முழுக்கப் பனி. விடியப் பார்த்தால் ஜன்னலின் கீழ் விளிம்பு தெரியவில்லை. கால் கட்டுக்குள் கனக்கிறது.

பெப்ரவரி 4

பனிச்சரிவில் அகப்பட்டால் கைப்பிடியை இழுத்ததும் பலூனாக விரியும் முதுகுப்பை என்னுடையது. அதன் காற்று உருளை வெறுமையாகச் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. மச்சான், மனைவியின் தம்பி, பையிலிருந்து கழற்றி அங்கே வைத்துவிட்டுப் போனான். அதன் முள் சுழியத்தில் கிடக்கிறது. நிரம்பியிருந்தபோது காற்றழுத்தம் 2700 பிஎஸ்ஐ. ஒவ்வொரு முறை வெளிக்கிடும் முன்பும் அந்த முள்ளைப் பார்ப்பேன். பச்சைக்குள் நின்றால் மனம் ஆறிவிடும்.

இன்று முழுக்க அடிபட்ட நாளின் ஒரே காட்சிதான் ஓடுகிறது. சரிவின் அடியில் ஸ்லெட்டை, பனியில் ஓடும் மோட்டார் வண்டியை, நிறுத்தி மேலே பார்த்தேன். சரிவு 35 பாகை இருக்கும், காற்று ஏற்றிய புதுப்பனி. வயிற்றில் ஏதோ சரியில்லை என்றது. அப்போது இடது கை தானாகத் தோளுக்குப் போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தது. தொட்டேன், பிறகு ஏறினேன். அந்த ஒழுங்கில்தான் நடந்தது.

பெப்ரவரி 5

ரொறன்ரோவிலிருந்து அம்மா. வாசல் படியில் வழுக்கியதாகச் சொல்லியிருக்கிறேன். "உப்புப் போட்டுவிடு ராசா" என்கிறா.

பெப்ரவரி 6

தூக்கம் வரவில்லை. 2014இல் வந்த ஆய்வை மறுபடி எடுத்து வாசித்தேன். பெரிய பனிச்சரிவில் முழுதாக அகப்பட்டவர்களில் பை விரியாதவர்கள் 100க்கு 22 பேர் இறந்திருக்கிறார்கள், விரிந்தவர்கள் 11 பேர். பாதி. அந்தப் பாதியில் ஒருவன் நானாக இருக்கலாம். அதை லேசாகப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அதே ஆய்வில், பை கட்டியிருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பை விரியவே இல்லை. காரணம் பெரும்பாலும் பையின் பழுதல்ல, ஆள் இழுக்கவில்லை. முன்பு இதை வாசித்தபோது எப்படி இழுக்காமல் இருப்பார்கள் என்று நினைத்தேன். இப்போது தெரியும். பனி உடைந்ததைக் கண்ணால் பார்த்தேன், சாம்பல் நிறக் கோடு ஒன்று எனக்கு மேலே குறுக்கே ஓடியது. அப்போதும் வலது பெருவிரல் த்ரொட்டிலைத்தான் அழுத்தியது. ஓடித் தப்பிவிடலாம் என்று முழு நம்பிக்கை. இரண்டு விநாடியாவது போயிருக்கும். ஸ்லெட் பக்கவாட்டில் சாய்ந்த பிறகே இடது கைக்கு நினைவு வந்தது.

150 லீட்டர் பை மூன்று விநாடிக்குள் ஊதிவிடும். மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் கச்சான் மேலே வரும், தூள் அடியில் போகும். பையின் வேலை அவ்வளவுதான், ஓடும் பனியில் ஆளைப் பெரிய துண்டாக்கிவிடுவது. பனி ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அது. ஒரு பள்ளத்தில் போய்க் குவிந்தால் மேலிருந்து வருவது அப்படியே மூடும்.

மரம் வந்தால் பை ஒன்றும் செய்யாது. என் கால் முறிந்தது மரத்தில்தான். பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா பனிச்சரிவுச் சாவுகளில் கிட்டத்தட்ட கால்வாசி மூச்சடைப்பால் அல்ல, அடிபட்டுத்தான்.

பெப்ரவரி 7

வலி.

பெப்ரவரி 9, ஞாயிறு

மச்சான் வந்தான். கையில் பெரிய பெட்டி. புதுப் பை, ஆயிரம் டொலருக்கு மேல். கூடத்தில் நின்றபடியே மாட்டிக் காட்டினான். தொடைப் பட்டையைக்கூடச் சரியாக இழுத்துக் கட்டினான். கைப்பிடியை உறையிலிருந்து எடுத்து, உள்ளே வைத்து, திரும்ப எடுத்து.

"அத்தானைக் காப்பாத்தினது இதுதானே" என்று தன் அக்காவிடம் சொன்னான். அவளும் கண் கலங்கத் தலையாட்டினாள்.

நான் உயிரோடு உட்கார்ந்திருப்பதே அவனுக்குச் சாட்சியாகப் போய்விட்டது. அன்று ஏன் ஏறினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை. எல்லோரும் பையைத்தான் கேட்டார்கள்.

சனிக்கிழமை ஐந்து பேர் போகிறார்களாம்.

பெப்ரவரி 10

மியூனிக் நகரத்தில் டாக்சிகளில் பாதிக்கு ஏபிஎஸ் பிரேக் பூட்டிப் பார்த்தார்கள், 1980களில். விபத்து குறையவில்லை. ஓட்டுநர்கள் இன்னும் ஒட்டி ஓட்டினார்கள், வளைவில் இன்னும் வேகம் எடுத்தார்கள். பிரேக் நல்ல பிரேக்தான்.

பை என் ஆபத்தைப் பாதியாக்குகிறது என்று வைப்போம். நான் இரண்டு மடங்கு மோசமான சரிவுகளில் ஏறினால் பழைய கணக்குக்கே வந்து நிற்பேன், ஆயிரம் டொலரும் போய். பை வாங்கிய 2 வருடத்தில் நான் ஏறிய சரிவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பை இல்லாத காலத்தில் திரும்பி வந்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை நான்கு. இந்த நாலாவது மட்டும்தான் உடைந்தது.

பெப்ரவரி 11

ஜனவரிக் கடைசியில் ஒரு வாரம் தெளிந்த வானம், கடும் குளிர். பின் வாசல் கம்பியில் பனிப்பூ முளைத்திருந்தது, இறகு இறகாக, ஒரு சென்ரிமீற்றர் உயரம். மச்சாளுக்கு அனுப்ப இவள் படம் எடுத்தாள். விரலால் தொட்டதும் சத்தமில்லாமல் நொறுங்கியது. அதே பூ மலை முழுக்கவும் நின்றிருக்கும். அதன் மேல்தான் இந்தப் பனியெல்லாம் விழுந்தது. இப்போது அது ஒரு மீற்றர் ஆழத்தில் இருக்கிறது, நிமிர்ந்தபடியே. மேலே நிற்பது அந்த இறகுகள் தாங்கும் பாரம். அதற்கு மேல் ஒரு ஸ்லெட்டும் ஆளும், 300 கிலோ.

பெப்ரவரி 12

பனிச்சரிவில் ஆட்கள் செத்த இடங்களின் பெயர்கள் மனதில் வந்துகொண்டே இருக்கின்றன. இதே ஊர் ரெவெல்ஸ்டோக், போல்டர் மலை, 2010 மார்ச் 13: சரிவின் அடியில் ஏறக்குறைய 200 பேர் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். 2 பேர் செத்தார்கள், ஏறக்குறைய 30 பேருக்குக் காயம். 2016 ஜனவரியில் மக்பிரைட் பக்கம் ரென்ஷா, 5 பேர். 2008 டிசம்பர் 28இல் ஃபெர்னிக்குக் கிட்ட ஹார்வி பாஸ்: 11 பேர் போனார்கள், புதைந்தவர்களைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே அடுத்த பனிச்சரிவு வந்தது, 8 பேர் திரும்பவில்லை.

எந்த இடத்திலும் செத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அந்த மலைகளைப் பல வருடம் ஓடியவர்கள். அதுதான் எனக்குப் பயம்.

பெப்ரவரி 13, வியாழன்

மச்சானோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். சத்தம் போட்டுவிட்டேன். பிறகு அவனே எடுத்தான்.

ஒன்று மட்டும் கேட்டேன். "பை வீட்டில் மறந்துபோச்சு எண்டு வை. அண்டைக்கு அந்தச் சரிவில ஏறுவியா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பை இருக்குத்தானே அத்தான்" என்றான்.

எனக்கும் அன்று யாராவது கேட்டிருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

4 மணிக்கு நாளைய பனிச்சரிவு ஆபத்து அறிக்கை வந்தது. மரங்கள் முடிகிற மரக்கோட்டுக்கு மேலே மூன்று, மரக்கோட்டில் மூன்று. இந்த மூன்றுதான் ஆளை ஏமாற்றும். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்று கண் படித்துவிடுகிறது. நான்கு வந்தால் ஊரே வீட்டில் இருக்கும். மூன்றில் எல்லோரும் வெளிக்கிடுவார்கள், நிறையப் பேர் சாவதும் அதில்தான்.

அறிக்கையை அவனுக்கு அனுப்பினேன். பெருவிரல் படம் ஒன்று வந்தது.

பெப்ரவரி 15, சனி

6:10. பார்க்கிங்கிலிருந்து செய்தி. ட்ரான்ஸீவர், புதைந்தவரைத் தேடும் சிக்னல் கருவி, ஐந்தும் பரிசோதித்தார்களாம். மண்வெட்டி ஸ்லெட்டிலா, முதுகிலா என்று கேட்டேன். முதுகில்.

9:30. நீல வானம். இப்படி ஒரு வெயிலில் யாருக்குத்தான் மனம் நிற்கும்.

12:45. இவள் கறி வைத்து இறக்கிவிட்டாள், ஒருவரும் சாப்பிடவில்லை. புதைந்தால் முதல் கால் மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். அரை மணித்தியாலம் தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். மேலே இருக்கும் நான்கு பேர்தான் அவனுக்கு எல்லாம், இங்கிருந்து ஒருவரும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது.

2:20. ஹெலிகொப்டர் சத்தம். பனிச்சறுக்குக் கொம்பனிகளின் ஹெலியாகத்தான் இருக்கும், இந்த ஊரில் தினமும் பறப்பவை. இவள் வாசலுக்குப் போய் நின்றாள். செருப்புப் போடவில்லை.

3:50. ஒன்றுமில்லை.

4:35. ஒன்றுமில்லை. உருளையைக் கையில் வைத்திருக்கிறேன், ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

5:05. இறங்கிவிட்டான்.

பெப்ரவரி 16

வந்தான். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, நல்ல சந்தோசம். "ஒண்டும் நடக்கேல்லை அத்தான். ஒவ்வொருத்தராத்தான் ஏறினனாங்கள்."

படம் காட்டினான். வெள்ளைச் சரிவில் ஸ்லெட் ஏறித் திரும்பிய தடங்கள் மூன்று வளையங்களாக, ஒன்றைவிட மற்றது உயரமாக. மிக உயர்ந்தது அவனுடையது. நான் விரலால் பெரிதாக்கிக் கீழே போனேன். அடியில், சரிவு வந்து முடிகிற இடத்திலேயே, நான்கு ஸ்லெட்கள். இயந்திரம் நிறுத்தி, ஆட்கள் ஹெல்மெட் கழற்றி, ஒருவர் தேத்தண்ணி ஊற்றுகிறார். ஏறியது ஒருவர்தான். ஆனால் உடைந்திருந்தால் தோண்டுவதற்கு ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

அதைக் காட்டினேன். உற்றுப் பார்த்தான். பிறகு, ஏறும் முன் எப்படி இருந்தது என்று கேட்டேன். "கொஞ்சம் பயமாத்தான் இருந்தது" என்று சொல்லிக்கொண்டே இடது கையைத் தோளுக்குக் கொண்டுபோனான். ஸ்வெட்டரில் விரல்கள் எதையோ தேடின.

எனக்கு உடம்பு சில்லிட்டது. அவனுக்கு அது தெரியாது.

பெப்ரவரி 17

சொல்லிவிட்டேன். சரிவின் அடியில் நின்றது, வயிறு சொன்னது, கை போனது, ஏறியது, எல்லாம். இவளும் பக்கத்தில் இருந்தாள், அவளுக்கும் இப்போதுதான் தெரியும். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அவள் எழும்பி உள்ளே போய்விட்டாள்.

பெப்ரவரி 19

இவள் இன்னும் சரியாகக் கதைக்கவில்லை. நியாயம்தான்.

பெப்ரவரி 20

உருளையை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். முள் பச்சையில். சமையலறை ஜன்னலில் வைக்க வேண்டாம் என்று இவள் சொன்னதால் கராஜில்.

பெப்ரவரி 21, வெள்ளி

புதுப்பனி 30 சென்ரிமீற்றர். மச்சான் கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பை காரில் இருக்கிறதாம், உள்ளே கொண்டுவரவில்லை. அறிக்கைக்கு இன்னும் 20 நிமிடம்.