பிள்ளைப் பராமரிப்புத் தொகையும் கொத்தடிமை வாதமும்: கலிஃபோர்னியா நீதிமன்ற அனுபவம்

கலிஃபோர்னியாவில் என் வேலை பறிபோன பிறகும், மகளுக்கு நான் மாதந்தோறும் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை பழைய சம்பளக் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கட்ட முடியாமல் போன மாதங்கள் நிலுவையாகி, அதன் மேல் ஆண்டுக்கு 10 சதவீத வட்டியும் ஏறியது. பிறகு நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் வந்தது. தவறிய ஒவ்வொரு மாதமும் தனிக் குற்றச்சாட்டாக அதில் வரிசையிடப்பட்டிருந்தது. முதல் முறை அகப்படுபவருக்கே ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 120 மணி நேரம் வரை சிறையோ சமூகப் பணியோ விதிக்கலாம் என்று அறிந்தபோது வயிற்றைக் கலக்கியது.

என்னைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னொரு தகப்பனார், இது கொத்தடிமை முறையே என்றும், அப்படி வாதிட்டால் வழக்கு நிற்காது என்றும் அடித்துச் சொன்னார். அவர் காட்டிய சட்டங்கள் உண்மையானவை. அமெரிக்க அரசியலமைப்பில் 1865இல் வந்த 13ஆவது திருத்தம் அடிமை ஊழியத்தைத் தடை செய்தது. கடனுக்கு ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்குவதை 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 15 டாலர் முன்பணம் பெற்றுக்கொண்டு பண்ணை வேலையைப் பாதியில் விட்ட பெய்லி என்ற தொழிலாளியின் வழக்கில், அப்படி விட்டுப் போனதையே மோசடிக்குச் சான்றாகக் கொண்ட அலபாமா சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911இல் செல்லாததாக்கியது.

வசதியில்லாதவர்களுக்கு இத்தகைய அவமதிப்பு வழக்கில் இந்த மாநிலம் வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. எனக்கு வாய்த்த அம்மையார் இந்த வாதத்தை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாஸ் என்ற தகப்பனாரின் 1998ஆம் ஆண்டு வழக்குத் தீர்ப்பைப் படிக்கச் சொன்னார். ஜீவனாம்சம் கட்டுவதற்காக வேலை தேடும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றிருந்த 1897ஆம் ஆண்டு நிலைப்பாடு பிள்ளைப் பராமரிப்புக்குப் பொருந்தாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதில் முடிவு செய்தது. வேலை செய்யத் திறனிருந்தும் வேண்டுமென்றே தேடாத பெற்றோரை அவமதிப்புக்காகத் தண்டிப்பது அடிமை ஊழியம் ஆகாது என்று அது சொல்லியது. (புதிய விதி இனி வரும் வழக்குகளுக்கே என்று கூறப்பட்டதால், மாஸ் மட்டும் தப்பித்துக்கொண்டார்.) மறு ஆண்டே பாலெக் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது.

படித்து முடித்தபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பெய்லி ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடந்தார். நான் யாரிடம் வேலை பார்க்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவதைக் கைமாற்றுக் கடனோடு சேர்க்கவும் மனம் ஒப்பவில்லை. ஆனால் கையில் இல்லாத பணத்துக்காக ஒருவரைச் சிறையில் அடைத்தால், அந்த இடத்தில் கொத்தடிமை என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. சவுத் கரோலைனாவில் பராமரிப்புத் தொகை கட்டாத டர்னர் என்பவர், கட்டும் சக்தி இருக்கிறதா என்ற தீர்மானமே இல்லாமல், வழக்கறிஞர் துணையுமின்றி 12 மாதச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கட்ட இயலுமா என்பதை நீதிமன்றம் முறையாக விசாரித்து முடிவு செய்யாமல் அப்படி அடைத்தது தவறு என்று 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது.

எனவே எங்கள் முயற்சியெல்லாம் இயலாமையை நிரூபிப்பதிலேயே இருந்தது; மாஸ் தீர்ப்பின்படி அந்தச் சுமை பெற்றோர் மேல்தான் விழுகிறது. பணிநீக்கக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கைகள், வாடகை ரசீது, வரவு செலவைக் காட்டும் எஃப்எல்-150 படிவம் ஆகியவற்றோடு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குறைந்தது ஐந்து இடங்களில் வேலை கேட்டதைக் காட்டும் பட்டியலையும் கொடுக்க வேண்டியிருந்தது. விசாரணையில் நீதிபதி அந்தப் பட்டியலைப் புரட்டி, “எல்லாம் மென்பொருள் நிறுவனங்களாகவே இருக்கின்றனவே, வேறு வேலை எதையும் பார்க்க மாட்டீர்களா?” என்று கேட்டார். கிடங்கு ஒன்றில் இரவு ஷிஃப்டில் பெட்டி அடுக்கியதற்கான சம்பளச் சீட்டை வழக்கறிஞர் எடுத்து நீட்டினார். அதைப் பார்த்த பிறகு நீதிபதி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தொகையைக் குறைக்கக் கோரும் மனுவை, நீதிமன்ற வளாகத்திலேயே இலவசமாக உதவும் குடும்பச் சட்ட வழிகாட்டியின் துணையோடு, நோட்டீஸ் வருவதற்கு முன்பே போட்டிருந்தேன். அரசியலமைப்பு வாதத்தைவிட அந்த மனுவின் தேதிதான் எனக்குக் கைகொடுத்தது. 1986ஆம் ஆண்டின் பிராட்லி திருத்தம் என்ற கூட்டாட்சிச் சட்டப்படி, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நிலுவையை எந்த நீதிபதியாலும் பின்னோக்கிக் குறைக்க முடியாது. மனு போட்டு எதிர்த்தரப்புக்குத் தெரிவித்த பிறகு வரும் மாதங்களுக்கே குறைப்பு சாத்தியம். நிலைமை எப்படி இருந்தாலும், வேலை போன வாரத்திலேயே இந்த மனுவைப் போட்டுவிடுமாறு என்னிடம் கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மாதத் தொகை குறைக்கப்பட்டது, அவமதிப்பு வழக்கும் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முந்தைய நிலுவை வட்டியோடு அப்படியே நிற்கிறது. இப்போதைய வேலையில் மாதத் தொகையும் நிலுவைத் தவணையும் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுகின்றன. கூட்டாட்சிச் சட்டம் இந்தப் பிடித்தத்துக்கு, அவரவர் நிலையைப் பொறுத்து, கைக்கு வரும் சம்பளத்தில் 50 முதல் 65 சதவீதம் வரை உச்சவரம்பு வைத்திருக்கிறது. என்னிடம் பிடிப்பது அதற்கு வெகு கீழேதான்.