தலையில் பட்ட பிறகு

மார்ச் 4

"மயக்கம் போடலையே, அப்புறம் என்ன?" மைதானத்து ஓரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. மூளையதிர்ச்சி அடைந்தவர்களில் நினைவு தப்புகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. தலை மோதவே வேண்டாம். மார்பில் விழுந்த இடியில் கழுத்து வெடுக்கென்று திரும்பினாலே மண்டைக்குள் மூளை முறுக்கிக் குலுங்கிவிடும். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும், இந்தக் குலுக்கலை நிறுத்தாது.

மார்ச் 5

விழுந்தவன் கையை ஊன்றாமல் விழுந்தானா? எழுந்ததும் கால் பின்னுகிறதா? இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா என்று கேளுங்கள். பெயரும் பிறந்த தேதியும் கேட்டுப் பயனில்லை, குழம்பியவனும் சொல்லிவிடுவான். ஐந்துக்கும் சரியாகச் சொல்லிவிட்டான் என்பதற்காக உள்ளே அனுப்பவும் கூடாது.

ரக்பியின் மேல்மட்ட ஆட்டங்களில் மருத்துவர் 12 நிமிடம் சோதிக்கிறார். மருத்துவர் இல்லாத ஆட்டத்தில் சந்தேகம் வந்தாலே வெளியே, அன்று திரும்ப ஆட்டமில்லை. கழுத்து வலி, இரட்டையாகத் தெரிவது, ஓயாத வாந்தி, வலிப்பு, கை கால் மரத்துப்போவது, ஏறிக்கொண்டே போகும் தலைவலி: ஆம்புலன்ஸ். அது வரும்வரை நகர்த்தாதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

மார்ச் 9

சீசன் தொடக்கத்து நினைவுப் பரிசோதனையில், திருப்பிச் சொல்லவேண்டிய பத்துச் சொற்களில் நாலை வேண்டுமென்றே 'மறக்கிற' ஆட்டக்காரர்கள் உண்டு. பின்னால் அடிபட்டு மதிப்பெண் இறங்கினாலும் தெரியாதே! சாமர்த்தியம்தான், தனக்கே வைத்துக்கொள்ளும் சூனியம். ஆனால் அடிபட்ட மூளையிடமே "ஆடலாமா?" என்று கேட்பதும் அபத்தம். பக்கத்தில் ஆடுகிறவன் கையைத் தூக்கி நடுவரிடம் சொல்ல வேண்டும். அது காட்டிக்கொடுப்பதல்ல.

ஆட்டக்காரன் கையில் முழுசாக இருப்பது டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துவது. ரக்பியில் தலையில் அதிகம் அடிபடுவது பந்து வைத்திருப்பவனுக்கு அல்ல, பிடிக்கப் போகிறவனுக்கு. நிமிர்ந்து போனால் தலையும் தலையும் மோதும். முழங்காலும் இடுப்பும் மடங்கவேண்டும், கண் எதிராளியின் வயிற்றில், தோள் முதலில் படவேண்டும். தலை அவன் ஓடும் பாதைக்குக் குறுக்கே போகாமல் முதுகுப் பக்கம் ஒதுங்கவேண்டும். களைப்பு வந்ததும் முதலில் மடங்க மறுப்பது முழங்கால்தான். கடைசிக் கால்மணியில் கோச் பார்க்கவேண்டியது அதை.

மார்ச் 12

இருட்டறையில் படுக்கவைப்பது பழைய வைத்தியம். அடிபட்டபின் 24 முதல் 48 மணி நேரம் திரையைக் குறைத்து, மெல்ல நடந்தால் போதும். பிறகு ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். நான்காம் படிக்கு முன் அறிகுறிகள் முற்றிலும் போயிருக்கவேண்டும், மருத்துவர் சம்மதமும் வேண்டும். பாராசிட்டமால் போட்டுத் தலைவலியை அடக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மாத்திரை போட்ட நாள் கணக்கில் சேராது.