‘வீசப்பட்டன’

“போரை விரைவில் முடிப்பதற்காக, வேறு வழியின்றி, ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் மீது அணுகுண்டுகள் வீசப்பட்டன.”

மாணவர்களுக்கான உலக வரலாற்று நூல் ஒன்றின் இரண்டாம் புரூஃபில் இந்த வாக்கியம் என் மேசைக்கு வந்தது. சந்திப்பிழை உண்டா, ஆண்டு சரியா, ஊர்ப்பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஹிரோசிமாவா, ஹிரோஷிமாவா என்பதற்கே பாதி நாள் போயிருந்தது. வாக்கியத்தில் பிழை எதுவும் தெரியவில்லை. டிக் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தது தற்செயலாகத்தான். இரண்டு பக்கத்துக்கு முன்னால் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அங்கே ‘ஜப்பான் தாக்கியது’ என்று இருந்தது. எழுவாய் பளிச்சென்று நிற்கிறது. ஹிரோஷிமாவுக்கு வந்தால் எழுவாயைக் காணோம். ஓரத்தில் பென்சிலால் ‘யார்?’ என்று எழுதினேன்.

நூலாசிரியர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். போனில் சிரித்தார். “ஏம்மா, யார் போட்டாங்கன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே?”

“தெரியும்னா எழுதறதுல என்ன சார் தயக்கம்?”

சரி, மாற்றிக்கொள் என்றார். ‘அமெரிக்கா வீசியது’ ஆயிற்று. அது ஐந்து நிமிட வேலை. ‘முடிப்பதற்காக’, ‘வேறு வழியின்றி’ என்ற இரண்டும்தான் மூன்று வாரத்தைத் தின்றன.

மெய்ப்பு பார்ப்பவளுக்கு இது தேவையில்லாத வேலை என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் ‘வேறு வழியின்றி’ என்பது ஒரு தகவல். தகவல் என்றால் சரிபார்க்க வேண்டும். படிக்க ஆரம்பித்தேன்.

வேறு வழிகளைக் குண்டைச் செய்தவர்களே யோசித்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் சிகாகோ விஞ்ஞானிகள் சிலர் 1945 ஜூன் 11 தேதியிட்டு ஓர் அறிக்கை கொடுத்தார்கள்: பாலைவனத்திலோ ஆளில்லாத தீவிலோ வெடித்து, உலக நாடுகளின் பிரதிநிதிகளுக்குக் காட்டுங்கள். ஐந்தே நாளில் ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, லாரன்ஸ், காம்ப்டன் ஆகிய நால்வர் கொண்ட விஞ்ஞானிகள் குழு, வெறும் செயல்விளக்கத்தால் போர் முடியாது, நேரடியாகப் பயன்படுத்துவதைத் தவிர ஏற்கத்தக்க வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. ஜூலையில் இயற்பியலாளர் லியோ சிலார்ட் 70 பேர் போலக் கையெழுத்திட்ட மனுவை அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு அனுப்பினார். அது அவர் பார்வைக்கே போகவில்லை. ஆக, வழி இருந்ததா இல்லையா என்பதே அன்றைய சண்டை. அதில் ஒரு தரப்பின் தீர்ப்பைத்தான் நாங்கள் இரண்டே சொல்லில் தகவலாக அச்சடிக்க இருந்தோம்.

இதையெல்லாம் அவருக்கு எழுதினேன். பதில் இரண்டு பக்கக் கடிதமாக வந்தது. ஜப்பானியத் தீவான ஒகினாவாவில் நடந்த சண்டையில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். அதைப்போலப் பல மடங்கு ஜப்பானிய வீரர்களும் தீவின் சாதாரண மக்களும் செத்தார்கள். மார்ச் மாதம் டோக்கியோவில் ஒரே இரவில் தீக்குண்டுகளால் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், அதைப் பற்றி நீ ஏன் பென்சிலால் எதுவும் எழுதவில்லை? ஜப்பான் பிடித்து வைத்திருந்த நாடுகளில் தினமும் செத்துக்கொண்டிருந்தவர்கள் யார் கணக்கு? கடைசி வரி இப்படி இருந்தது: “நாகசாகியில் செத்த குழந்தையை எண்ணுகிறாய். போர் இன்னும் ஆறு மாதம் நீண்டிருந்தால் சாகவிருந்த குழந்தையை யார் எண்ணுவது?”

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அந்தக் கணக்கே கூடாது என்று சொன்னவர் மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம். 1956இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்க முனைந்தபோது எதிர்த்து நின்றார். ஒரு காரியத்தைச் சாதிப்பதற்காக அப்பாவிகளைக் கொல்லத் தேர்ந்தெடுத்தால் அது கொலை, எத்தனை உயிர் மிச்சம் என்பது பிறகுதான் என்பது அவர் வாதம். நிபந்தனையற்ற சரணாகதிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததே தீமைக்கெல்லாம் வேர் என்றும் சொன்னார். பேராசிரியரிடம் சொன்னேன். “அந்த அம்மா போர்முனையில் நிற்கவில்லையே” என்றார். இதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நானும் ஒரு இடத்தில் மூக்கு உடைந்தேன். ஜப்பான் சரணடைய வேண்டும் என்று நேச நாடுகள் விடுத்த போட்ஸ்டாம் அறிக்கைக்கு ஜப்பானியப் பிரதமர் சுசுகி சொன்ன ‘மொகுசாட்சு’ என்ற சொல்லுக்குக் ‘கருத்துச் சொல்லாமல் இருத்தல்’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘அலட்சியமாக ஒதுக்குதல்’ என்றும் கொள்ளலாம். ஒரு மொழிபெயர்ப்புப் பிழையால் இரண்டு நகரங்கள் அழிந்தன என்று எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பெருமையும் வருத்தமுமாகச் சொல்லிக்கொள்வோம். நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சுசுகி பேசியது ஜூலை 28. குண்டு போடுவதற்கான எழுத்து ஆணையின் தேதி ஜூலை 25. அத்தோடு அந்தக் கதையை விட்டேன்.

அந்த ஆணையைப் படித்ததில்தான் நாகசாகி எனக்குத் தனியாகத் தெரிந்தது. ஆகஸ்ட் 3க்குப் பிறகு வானிலை பார்த்து முதல் குண்டு. மற்றவை தயாராகத் தயாராகப் போடலாம். அவ்வளவுதான். இரண்டாவது குண்டுக்கென்று அதிபர் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. ஆகஸ்ட் 9 காலை விமானம் போனது கொகுரா நகரத்துக்கு. இலக்கு கண்ணுக்குத் தெரியாததால் நாகசாகிக்குத் திரும்பியது. 11 மணி 2 நிமிடம். ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததும் அதே நாள்தான். சரணடைவதா வேண்டாமா என்று டோக்கியோவில் போர்க்குழு பேசிக்கொண்டிருந்தபோதே நாகசாகிச் செய்தி வந்து சேர்ந்தது. மறுநாள்தான், தன் அனுமதி இல்லாமல் இனி ஒன்றும் போடக்கூடாது என்று ட்ரூமன் நிறுத்தினார். ஹிரோஷிமாவைப் பற்றி இரண்டு பக்கமும் பேசலாம் என்றே வைத்துக்கொள்வோம். நாகசாகிக்கு ‘வேறு வழியின்றி’ என்று எழுத என் கை வராது.

இதைச் சொன்னபோது பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “முப்பது வருஷம் பாடம் எடுத்திருக்கேன்மா. ரெண்டையும் ஒரே மூச்சிலதான் சொல்லியிருக்கேன்.”

இன்னொன்றையும் அவருக்குப் படித்துக்காட்டினேன். ஆகஸ்ட் 6 அறிக்கையில் ட்ரூமன், ஓர் அமெரிக்க விமானம் ஹிரோஷிமா மீது குண்டு வீசியது என்று செய்வினையில் சொல்கிறார். ஆகஸ்ட் 9 வானொலி உரையில் அதே செய்தி ‘வீசப்பட்டது’ என்று செயப்பாட்டுக்கு மாறிவிடுகிறது. இதை வைத்து ஒரு வழக்கே நடத்திவிட முடியாதுதான். அதே உரையில், பயன்படுத்தியது நாங்களே என்றும் சொல்கிறார். ஆனால் இரண்டு முறையும் ஹிரோஷிமா அவருக்கு ராணுவத் தளம். அதை ஊர் என்று சொல்லவே இல்லை.

பக்க வடிவமைப்பாளர் நான்கு வரிதான் தருவேன் என்றார். கடைசியில் நின்றது இது: “1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா நகரத்தின் மீதும், மூன்று நாள் கழித்து நாகசாகி நகரத்தின் மீதும் அமெரிக்கா அணுகுண்டு வீசியது. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இறந்தனர். போரை முடிக்க இது தேவைப்பட்டதா என்ற விவாதம் குண்டு விழுவதற்கு முன்பே தொடங்கியது, இன்னும் முடியவில்லை.” பேராசிரியர் ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்தார்.

நூல் அச்சாகி வந்தது. இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து போன். “பாடம் முடிஞ்சு பின்னாடி பயிற்சி வினா இருக்கே, பார்த்தியா?”

எடுத்துப் பார்த்தேன். வினாக்கள் தனிக் கோப்பில் வந்தவை, என் மேசைக்கே வரவில்லை. ஏழாவது வினா: “அணுகுண்டுகள் ஏன் வீசப்பட்டன?” மதிப்பெண் 1. விடைப் பட்டியலில்: போரை முடிப்பதற்காக.