வராத நாலு பேர்

சார் போய்விட்டார் என்ற செய்தி நம் செட் வாட்சப் குழுவில் வந்தபோது லண்டனில் விடிந்திருக்கவில்லை. பெயர் சொல்ல வேண்டியதில்லை. கடலூர் மஞ்சக்குப்பம் பள்ளியில் மூணாவது பீரியட் கணக்கு என்றால் நமக்கெல்லாம் ஒருவர்தான்.

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. 42 பேரின் உயரத்தையும் அளந்து சராசரி போடச் சொன்னார். நான் முதல் ஆளாக முடித்து, போர்டில் 152 என்று எழுதினேன்.

“எத்தனை பேரை அளந்த?”

“முப்பத்தெட்டு சார். நாலு பேர் வரல.”

டஸ்டரை என் கையில் கொடுத்தார். வகுப்பே பார்க்க, எழுதியதை நானே அழித்தேன். அழுகை தொண்டை வரை வந்துவிட்டது.

சாயங்காலம் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்கு சைக்கிள் மிதித்தேன். நாலு பேரும் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கரையேறும்வரை காத்திருந்தேன். ஒரு துடுப்பை மணலில் நட்டு, ஈரக் கைலியோடு ஒவ்வொருவராக அதில் சாய்ந்து நின்றார்கள். டேப் 150-ல் முடிந்துவிடும். அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, மிச்சத்தை அளந்தேன். டேப்பெல்லாம் மீன் செதில். நாலு பேருமே என்னைவிட உயரம்.

சராசரி முக்கால் சென்டிமீட்டர் ஏறியது. “முக்கால்தானேன்னு நினைக்காத. வராதவன் யாரு, ஏன் வரலன்னு கேக்காம போட்டது கணக்கே இல்ல” என்றார் சார்.

அப்புறம் கல்லூரி, ஆராய்ச்சி, வெளிநாடு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வைப் படித்தபோது எனக்கு சார் குரல்தான் கேட்டது. 193 நோயாளிகள். பாதிப் பேருக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில், மற்றவர்களுக்கு வீட்டிலேயே சிகிச்சை. ஐந்து ஆண்டுகள் வரை அவர்களை விடாமல் கவனித்தார்கள். வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதை உலகம் ஏற்க அந்த ஆய்வு பெரிய காரணம். கப்லான், மையர் என்ற புள்ளியியலாளர்கள் 1958-ல் கொடுத்த முறையை இன்றும் வகுப்பில் நடத்துகிறேன். பாதியில் விலகியவரையும், கடைசியாகக் கண்ணில் பட்ட நாள் வரை கணக்கில் வைக்கும் முறை அது. வருடாவருடம் அந்தத் தையல் டேப்பில்தான் பாடம் ஆரம்பிக்கும்.

இதை சாரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கடைசியாக அவரைப் பார்த்தது 1994-ல். 2011-ல் தானே புயல் அடித்தபோது அவர் வீட்டு ஓடுகள் பறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் பணம் அனுப்பினேன். நேரில் போகவில்லை.

சாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று போனில் கேட்டேன். அந்த நாலு பேரில் ஒருவன் இப்போது உயிரோடு இல்லை. மற்ற மூன்று பேரும் பாடை தூக்கினார்களாம்.