மாங்கா சீசன் முடிஞ்சுது, மெயில் பேக்கப் எடுக்கலாம் வாங்க

ஆடி கடைசிக்கு வந்துட்டா கிருஷ்ணகிரி சுத்துவட்டாரத்துல மாங்கா கூழ் (பல்ப்) ஃபேக்டரிங்க எல்லாம் கொஞ்சம் மூச்சு விடும். மாங்கா லோடு குறைஞ்சிடும், கேட்ல லாரி வரிசை இருக்காது, ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போற நேரம்னு ஒண்ணு திரும்ப வரும். அப்பதான் நமக்கு போன் வரும், "தம்பி, அந்த சிஸ்டத்த ஒரு தடவ வந்து பாத்துட்டு போங்க"ன்னு. சீசன்ல சிஸ்டத்துல கை வைக்க விட மாட்டாங்க, அதனால மெயில் பேக்கப் வேலையெல்லாம் நான் இந்த நேரத்துக்குதான் ஒதுக்கி வெக்கறது.

கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேர் பேக்கப்னா எல்லாருக்கும் தெரியும், ஆடிட்டர் கேப்பாரு, டெய்லி எடுத்துடுவாங்க. மெயில்னா மட்டும் யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா பல்ப் வியாபாரத்துல பாதி பேச்சு மெயில்லதான் நடக்குது. பெங்களூரா மாங்கா பல்ப், அதான் வெளிநாட்டுக்காரன் டோட்டாபுரின்னு சொல்றது, அதை கிருமி இல்லாத அசெப்டிக் பேக்ல அடைச்சு டிரம்ல போட்டு அனுப்பினா ஒன்றரை வருஷம் ரெண்டு வருஷம் வரைக்கும் தாங்கும். அப்ப போன வருஷத்து லாட்டுக்கு இந்த வருஷம் கம்ப்ளெயின்ட் வரும், பிரிக்ஸ் (இனிப்பு அளவு) 14 கேட்டோம் நீங்க என்ன அனுப்பினீங்கன்னு. லேப் ரிப்போர்ட், அவன் ஓகே சொன்ன சாம்பிள், பில் ஆஃப் லேடிங் (கப்பல்ல சரக்கு ஏத்தின ரசீது) டிராஃப்ட் எல்லாம் எங்க இருக்கும்? அக்கவுன்ட்ஸ் அக்கா சிஸ்டத்துல, அவுட்லுக்குக்குள்ள, "எக்ஸ்போர்ட் பழசு"ன்னு ஒரு ஃபோல்டர்ல. ஜிஎஸ்டி சட்டத்துலயும் கணக்கு ரெக்கார்டு எல்லாம் ஆனுவல் ரிட்டர்ன் கடைசி தேதியில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும்னு இருக்கு, அந்த இன்வாய்ஸ்ல பாதி மெயில் அட்டாச்மென்ட்டாதான் கிடக்குது, தனியா எடுத்து வெச்ச ஆபீஸ் ரொம்ப கம்மி.

இதைச் சொன்னா வர்ற முதல் பதில், "எல்லாம் சர்வர்லதான தம்பி இருக்கு, எங்க போயிடும்?"

இங்கதான் விஷயமே இருக்கு. பேக்கப் எப்படி எடுக்கறதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி மெயில் நிஜமாவே எங்க இருக்குன்னு பாக்கணும். அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல போய் பாருங்க, பாப்3யா (POP3) ஐமேப்பா (IMAP), சர்வர்ல இருந்து மெயில எடுக்கற ரெண்டு வழி இது. பாப்3னா மெயில் சர்வர்ல இருந்து உங்க சிஸ்டத்துக்கு இறங்கிடும், "சர்வர்ல ஒரு காப்பி விடு"ன்னு டிக் இருந்தா கொஞ்ச நாள் அங்கயும் இருக்கும், நிறைய இடத்துல 14 நாள்னு போட்டிருக்கும், அதுக்கப்புறம் சர்வர்ல துடைச்சு விட்டுடும். அப்புறம் இந்த உலகத்துல அந்த மெயில் இருக்கற ஒரே இடம் அந்த அக்கா மேஜைக்கு அடியில தூசி பிடிச்சுப் போயிருக்கற அந்த பொட்டிதான். சொந்த டொமைன் வாங்கி சின்ன ஹோஸ்டிங் பிளான்ல மெயில் வெச்சிருக்கற கம்பெனிங்க பாதிக்கு மேல பாப்3லதான் ஓடுது, ஏன்னா மெயில்பாக்ஸ் சைஸ் கம்மி, நிரம்பிடும், அதனால எப்பவோ யாரோ அப்படி செட் பண்ணிட்டுப் போயிருப்பாங்க.

ஐமேப்னா மெயில் சர்வர்லதான் இருக்கும், சிஸ்டத்துல இருக்கறது அதோட நகல். அப்ப பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. சிஸ்டத்துல ஒரு ஃபோல்டர டிலீட் பண்ணா சர்வர்லயும் போயிடும், போன்லயும் போயிடும், எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல ஒழுங்கா போயிடும். வேலைய விட்டுப் போற பையன் கோவத்துல இன்பாக்ஸ காலி பண்ணிட்டுப் போனா என்ன பண்ணுவீங்க? சின்க் வேற, பேக்கப் வேற.

சரி, அவுட்லுக்குக்கு வருவோம், பழைய அவுட்லுக், ஆபீஸோட வர்றது. ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ், அதுல டேட்டா ஃபைல்ஸ்னு ஒரு டேப் இருக்கும், அங்க எந்த ஃபைல் எந்த இடத்துல இருக்குன்னு முழு பாதையும் காட்டும், பக்கத்துலயே ஃபைல் இருக்கற ஃபோல்டர திறக்கற பட்டனும் இருக்கு. ஃபைல் பேர் கடைசியில பிஎஸ்டின்னு (.pst) இருந்தா நல்லது, அதுதான் சரக்கு, அவுட்லுக்க மூடிட்டு அப்படியே காப்பி எடுத்துக்கலாம். மூடிட்டுன்னு சொன்னா நிஜமாவே மூடணும், டாஸ்க் மேனேஜர்ல போய் பின்னாடி ஓடிட்டு இருக்கான்னு பாருங்க, திறந்திருக்கும்போது அந்த ஃபைல் லாக் ஆகி இருக்கும். கடைசியில ஓஎஸ்டின்னு (.ost) இருந்தா அத காப்பி அடிச்சு வெக்கறதுல அர்த்தம் இல்ல. அது ஐமேப்புக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ (மைக்ரோசாஃப்டோட மெயில் சர்வர்) அவுட்லுக் வெச்சுக்கற நகல், அந்த சிஸ்டத்துல அந்த அக்கவுன்ட்டோட கட்டுண்டு கிடக்கும், வேற சிஸ்டத்துல கொண்டுபோய் திறக்கலாம்னா திறக்காது. ஒரு கிரானைட் ஆபீஸ்ல இப்படித்தான் பல வருஷமா ஓஎஸ்டிய மட்டும் பத்திரமா ஹார்டு டிஸ்க்ல ஏத்தி வெச்சிருந்தாங்க. ஓஎஸ்டின்னா அவுட்லுக்குக்குள்ள இருந்தேதான் எடுக்கணும், ஃபைல், ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட், இம்போர்ட் எக்ஸ்போர்ட், ஒரு ஃபைலுக்கு எக்ஸ்போர்ட், பிஎஸ்டி. அக்கவுன்ட்டோட மேல் தலைப்ப செலக்ட் பண்ணி சப்ஃபோல்டர்னு இருக்கற டிக்க கட்டாயம் போடுங்க, போடலன்னா உள் ஃபோல்டர் எதுவும் வராது, அப்புறம் அந்த "எக்ஸ்போர்ட் பழசு" எங்கன்னு தேடணும். எக்ஸ்போர்ட் பண்றதுக்கு முன்னாடி ஐமேப்ல பழைய மெயில் எல்லாம் முழுசா இறங்கி இருக்கான்னும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க.

பிஎஸ்டில வராதது சிலது உண்டு. மெயில தானா பிரிச்சுப் போடற ரூல்ஸ் தனியா எக்ஸ்போர்ட் பண்ணணும், சிக்னேச்சர் வேற ஃபோல்டர்ல இருக்கும், பாஸ்வேர்டு வரவே வராது. பாஸ்வேர்டு தெரியுமான்னு கேட்டா ஆபீஸே ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கும்.

பென்டிரைவ்ல ஏத்தும்போது வர்ற பிரச்சனை ஒண்ணு இருக்கு, அடிக்கடி பாக்கறேன். 32 ஜிபி பென்டிரைவ், உள்ள 25 ஜிபி காலி, பிஎஸ்டி 6 ஜிபிதான், ஆனா ஃபைல் ரொம்ப பெருசுன்னு எரர் அடிக்கும். பென்டிரைவ் கெட்டுப்போச்சுன்னு ரவுண்டானா பக்கம் போய் புதுசு வாங்கிட்டு வருவாங்க, அதுலயும் அதே எரர். பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்ல இருக்கும், அதுல ஒரு தனி ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, அவ்வளவுதான். எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ ஃபார்மேட் பண்ணா ஏறிடும், உள்ள கல்யாண போட்டோ ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு ஃபார்மேட் பண்ணுங்க.

பிஎஸ்டிக்கும் ஒரு எல்லை உண்டு. அவுட்லுக் 2002 வரைக்கும் இருந்த பழைய ஃபார்மேட் 2 ஜிபி தாண்டினா காலி, 2003லயும் 2007லயும் 20 ஜிபி, 2010ல இருந்து 50 ஜிபி. எல்லை இருக்குன்னு அது வரைக்கும் வளத்து விடணும்னு இல்ல. நான் பண்றது, நிதியாண்டு நிதியாண்டா பிரிச்சுடறது. ஏப்ரல்ல ஒரு புது பிஎஸ்டி, 24-25ன்னு முடிஞ்ச வருஷத்தோட பேர் வெச்சு அந்த வருஷத்து மெயில எல்லாம் அதுல தள்ளிட்டு, அதை ரெண்டு இடத்துல காப்பி எடுத்துட்டா அப்புறம் அதைத் தொடவே வேண்டாம். ஒரே பெரிய பிஎஸ்டின்னா நீங்க ஒரு மெயில் கூட படிக்காம சும்மா திறந்து மூடினாலே ஃபைல் மாறினதா காட்டும், பேக்கப் சாஃப்ட்வேர் மறுபடி முழு 20 ஜிபியையும் தூக்கும்.

இன்னொண்ணு கரண்ட். மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்குப் போனா சாயங்காலம் வரும், அது முன்னாடியே சொல்லிடுவாங்க, பரவால்ல. சொல்லாம போறதுதான் வில்லங்கம். அவுட்லுக் எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போனா பிஎஸ்டி அடிவாங்கும். ஸ்கேன்பிஎஸ்டின்னு ஆபீஸ் ஃபோல்டருக்குள்ளயே ஒரு ரிப்பேர் டூல் இருக்கு, அத ஓட்டறதுக்கு முன்னாடி உடைஞ்ச ஃபைலுக்கே ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க, ஏன்னா அது சில நேரம் சரி பண்றேன்னு படிக்க முடியாத மெயில கழிச்சு விட்டுடும். நெட்ல பிஎஸ்டி ரிப்பேர், ஓஎஸ்டி கன்வர்ட்டர்னு வர்ற கண்ட சாஃப்ட்வேரையும் போடாதீங்க, கம்பெனி மெயில் மொத்தத்தையும் யாருன்னே தெரியாதவன் கையில குடுக்கறோம்.

என்னைக் கேட்டா அவுட்லுக்குக்கு பதிலா தண்டர்பேர்டுங்கற மெயில் சாஃப்ட்வேர போட்டுக்கோங்கன்னுதான் சொல்லுவேன். காசு இல்லங்கறது ஒரு பக்கம், மெயில வெச்சிருக்கற விதம் எனக்குப் பிடிக்கும். எம்பாக்ஸ்னு சாதா டெக்ஸ்ட் ஃபைல், ஒரு ஃபோல்டருக்கு ஒரு ஃபைல், நோட்பேட்ல கூட திறந்து பாக்கலாம், தண்டர்பேர்டே நாளைக்கு இல்லாம போனாலும் வேற நூறு சாஃப்ட்வேர் அத படிக்கும். ஹெல்ப் மெனுல ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனா ப்ரொஃபைல் ஃபோல்டர்னு ஒரு வரி இருக்கும், ஓபன் பண்ணுங்க, தண்டர்பேர்ட மூடுங்க, அந்த ஃபோல்டர் மொத்தத்தையும் காப்பி எடுங்க. மெயில், அட்ரஸ் புக், செட்டிங்ஸ், பாஸ்வேர்டு எல்லாமே அதுக்குள்ளதான், அதனால அந்த காப்பி யார் கைக்கும் போகாம பாத்துக்கணும். எம்எஸ்எஃப்னு முடியற ஃபைல் எல்லாம் வெறும் இன்டெக்ஸ், அதே பேர்ல எக்ஸ்டென்ஷன் இல்லாம இருக்கற ஃபைல்தான் மெயில். வேலைக்கு ஆகாதுன்னு அத விட்டுட்டு எம்எஸ்எஃப்ப மட்டும் காப்பி எடுத்தவங்கள பாத்திருக்கேன்.

டூல்ஸ்ல எக்ஸ்போர்ட்னு இப்ப ஒரு வசதியும் இருக்கு, ஜிப்பா கட்டிக் குடுக்கும், ஆனா ப்ரொஃபைல் 2 ஜிபிக்கு மேல இருந்தா அதால முடியாது, ஃபோல்டர கையாலயே காப்பி எடுத்துக்கோன்னு சொல்லிடும். டிலீட் பண்ண மெயிலும் காம்பாக்ட் (அழிச்சத நிஜமாவே துடைக்கற வேலை) பண்ற வரைக்கும் ஃபைல்லயே கிடக்கும், அதனால காப்பிக்கு முன்னாடி காம்பாக்ட் பண்ணா சைஸ் குறையும். ஐமேப்னா "இந்த கம்ப்யூட்டர்லயும் மெயில வை"ங்கற செட்டிங் ஆன்ல இருக்கணும், இல்லன்னா தலைப்பு மட்டும்தான் இறங்கி இருக்கும். புது சிஸ்டத்துல போடும்போது தண்டர்பேர்டு அதே வெர்ஷனோ அதுக்கு மேலயோ இருக்கணும், பழைய வெர்ஷன் புது ப்ரொஃபைல ஏத்துக்காது.

எடுத்த காப்பிய எங்க வெக்கறது? அதே சிஸ்டத்துல டி டிரைவ்ல வெக்கறவங்க இருக்காங்க, ஒரே ஹார்டு டிஸ்க்கதான் ரெண்டா பிரிச்சிருக்கு, அது போனா சேந்துதான் போகும். எக்ஸ்டர்னல் டிஸ்க்க எப்பவும் சொருகியே வெச்சிருந்தா ரான்சம்வேர் (ஃபைல பூட்டிட்டு காசு கேக்கற வைரஸ்) வந்தா அதையும் சேத்து பூட்டிடும். ஒண்ட்ரைவ் (மைக்ரோசாஃப்டோட நெட் ஸ்டோரேஜ்) ஃபோல்டருக்குள்ள ஓடிட்டு இருக்கற பிஎஸ்டிய வெக்காதீங்க, ஃபைல் திறந்தே இருக்கறதால சின்க்கும் சரியா நடக்காது, சிஸ்டமும் இழுக்கும். அவுட்லுக் 2010க்கு அப்புறம் பிஎஸ்டி டாக்குமென்ட்ஸ்க்குள்ளதான் உக்காரும், ஒண்ட்ரைவ் டாக்குமென்ட்ஸ எடுத்துக்கிச்சுன்னா நமக்கே தெரியாம உள்ள போயிடும், பாருங்க. நான் சொல்றது ரெண்டு டிஸ்க், ஒண்ணு ஆபீஸ் பீரோவுல, ஒண்ணு முதலாளி வீட்டுல, மாத்தி மாத்தி கொண்டு வரணும். அப்படியே காவேரிப்பட்டணத்துல இருக்கற ஒரு முதலாளி சாமி ரூம்ல வெச்சிருக்காரு, வெச்சுட்டுப் போகட்டும், காஞ்ச இடம்.

எடுத்தத வேற சிஸ்டத்துல ஒரு தடவ திறந்து பாத்துடுங்க. நான் அந்த அக்காவையே கூப்பிட்டு உக்கார வெச்சு, ஏதாவது பழைய பையர் பேர் சொல்லுங்கன்னு கேட்டு, அவங்களையே தேட வெப்பேன். அட்டாச்மென்ட் திறக்குதான்னும் பாக்கணும், தலைப்பு மட்டும் வந்திருந்தா பிரயோஜனம் இல்ல.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுதுன்னு நிறைய பேர் புது சிஸ்டம் வாங்கறாங்க. அதுல வர்ற புது அவுட்லுக் பேர்லதான் அவுட்லுக், பிஎஸ்டிய வெச்சு பழசு பண்ற எல்லாத்தையும் அது பண்ணாது. பழைய பொட்டிய எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கறதுக்கு முன்னாடி இத செக் பண்ணிக்கோங்க.

பர்கூர் துணிக்கடைங்க மாதிரி சில இடத்துல இன்னும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடும், உள்ள அவுட்லுக் எக்ஸ்பிரஸ்னு அந்தக் காலத்து மெயில் சாஃப்ட்வேர் இருக்கும், ஃபோல்டருக்கு ஒரு டிபிஎக்ஸ் ஃபைல். அந்த மெஷினுக்கு எக்ஸ்பியில ஓடற கடைசி தண்டர்பேர்டு, 52ம் வெர்ஷன், அத போட்டு அதுக்குள்ளயே இம்போர்ட் பண்ணிட்டு, அப்புறம் எம்பாக்ஸ் ஃபைல்களை புது சிஸ்டத்துக்கு தூக்கிட்டு வந்துடலாம். மெதுவாதான் ஓடும், சாயங்காலம் கடை சாத்தற நேரத்துல போட்டு விட்டுட்டு வந்துடுங்க, யுபிஎஸ் பேட்டரி உயிரோட இருக்கான்னு மட்டும் பாத்துட்டு.