கட்டளை இல்லாமல் ஏறும் மலை

பரங்கிமலை ஏறப் போகிறவர் முதலில் கடப்பது ராணுவத்தை. மதராஸ் பீரங்கிப் படைக்கு ஒரு காலத்தில் இந்த அடிவாரம்தான் தலைமையிடம். 1963 முதல் அதிகாரிகள் பயிற்சி நிலையமும் இங்கேதான், ஓ.டி.ஏ. என்றால் ஆட்டோக்காரருக்கு உடனே புரியும். மேலே சுமார் 300 அடி உயரத்தில், 1523-இல் போர்த்துகீசியர் கட்டிய மாதா கோயில். படைப்பணி முடித்து வந்த கிறிஸ்தவர்கள் இச்சையடக்கத்துக்காக ஒரு நாள் ஒதுக்கி ஜெபிக்க, சென்னையில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பட்டாளத்தில் கட்டுப்பாடு வெளியிலிருந்து வருகிறது. விடியலில் பி.டி., மாலையில் ரோல் கால், இரவில் லைட்ஸ் அவுட். குரல் கொடுக்க ஒரு ஹவில்தார் இருந்தார், உடம்பு கேட்டது. ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்ததும் அந்தக் குரல் நின்றுவிடுகிறது. அப்புறம் தலைதூக்குவது பெரும்பாலும் இரண்டுதான்: ராணுவக் கேன்டீன் கோட்டா ரம், வீட்டாரிடம் பரேடு மைதானத்துக் குரல். 'வீர மதராசி, அடி கொல்லு' என்று மெட்ராஸ் ரெஜிமென்டின் போர் முழக்கத்தை இருபது வருடம் முழங்கிய தொண்டை, சாம்பாரில் உப்பு கூடினாலும் அதே சுதியில்தான் எழும்புகிறது.

படிகள் நூற்று முப்பதுக்குச் சற்று மேல். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகரின் 18-ஆம் நூற்றாண்டுக் கொடை. ஏறும் வழியில், இயேசு சிலுவை சுமந்து போன காட்சிகளைக் காட்டும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள். முன்னாள் சிப்பாய்கள் இங்கே பெரும்பாலும் செய்யும் தவறு, இதையும் பி.டி.யாக்கிவிடுவது. பத்து நிமிடத்தில் மேலே போய், கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் தெம்பு இருக்கிறது என்று மகிழ்ந்து இறங்குவார்கள். கால் பலம் இங்கே சோதிக்கப்படவில்லை. 'தேஸ் சல்'லை (வேக நடை) மறந்து 'தீரே சல்' (மெது நடை) வேகத்தில், ஒவ்வொரு நிலையிலும் இரண்டு நிமிடம் நின்றால் ஏற முக்கால் மணி நேரம் ஆகும். பின்னால் வரும் கல்லூரிப் பையன்கள் முந்திப் போவார்கள். போகட்டும், அவர்களை முந்தத் துடிக்கும் காலை நிறுத்திவைப்பதுதான் அன்றைய முதல் பயிற்சி.

காலை ஆறரைக்குள் ஏறத் தொடங்குவது நல்லது. மார்ச், ஏப்ரலில் ஒன்பது மணிக்கே வெயில் சுடும். அரை லிட்டர் தண்ணீர் போதும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிலும், டிசம்பர் 18 திருவிழாவை ஒட்டியும் கூட்டம் அதிகம்; மற்ற நாட்களில் நின்று ஜெபிக்க இடம் கிடைக்கும்.

சிலுவைப்பாதையைச் சிப்பாய்க் கண்ணோடு பார்த்தால் வேறு ஒன்று தெரியும். அந்தக் காட்சிகளில் வருபவர்களில் பலர் சீருடைக்காரர்கள். பத்தாம் நிலையில் இயேசுவின் ஆடையைக் களைபவர்களும், பதினோராம் நிலையில் ஆணி அடிப்பவர்களும் டூட்டியில் இருந்த சேவகர்களே. அந்த ஆடைக்குச் சீட்டுப் போட்டதாக யோவான் எழுதுகிறார். கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. ஆக, கீழ்ப்படிதல் வேறு, இச்சையடக்கம் வேறு. இயேசு உயிர்விடும் பன்னிரண்டாம் நிலையில் நிற்கும் நூற்றுக்கு அதிபதியும் (நூறு சிப்பாய்களின் தலைவன்) அதே படையைச் சேர்ந்தவன்தான். அவன் எதிரே நின்று பார்த்துவிட்டு, 'மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்' என்கிறான். இந்த மூன்று நிலைகளிலும் இரண்டு நிமிடக் கணக்கைத் தாண்டி நிற்கலாம்.

மூன்று, ஏழு, ஒன்பது: இயேசு விழும் நிலைகள். பட்டாளத்தில் தவறு என்றால் சார்ஜ், தண்டனை. அந்தப் பழக்கத்தில், ஒரு மாதம் குடிக்காமல் இருந்தவர் ஒரு நாள் தவறினால் தன்னையே கோர்ட் மார்ஷல் செய்து, 'இனி எதற்கு' என்று பாட்டிலை முழுதும் காலி செய்கிறார். பல தீர்மானங்கள் உடைவது முதல் சறுக்கலில் அல்ல, இந்தத் தீர்ப்பில்தான். ஒன்பதாம் நிலைக்குப் பிறகும் பாதை மேலேதான் போகிறது.

கோபத்துக்கு ஃபயரிங் ரேஞ்சில் கற்ற மூச்சு உதவும். ட்ரிகர் அழுத்துமுன் பாதி மூச்சை விட்டு நிறுத்துவோமே, அதேதான். அதிக நேரம் அடக்கினால் பார்வை மங்கிக் குறி ஆடும். அதனால் நாலைந்து நொடி போதும். அந்த இடைவெளியில் சங்கீதம் 141:3-ஐச் சொல்லலாம்: 'கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்.' சென்ட்ரியை (காவல் சிப்பாயை) இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது தெரிந்ததே. ஜெபத்தையும் நாளெல்லாம் தாங்க வேண்டும் என்று வைக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் புதுப்பிக்கலாம்.

மேலே பீடத்தில் 1547-இல் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை. சுற்றிலும் பாரசீகப் பஹ்லவி எழுத்து. அதன் முன் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் தீர்மானம் எடுக்க வேண்டும். ரம், சிகரெட், கோபம், செல்போன் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவேன் என்பவர் அடிவாரத்துக்கு வருவதற்குள் எதையும் விட்டிருக்க மாட்டார். எழுதும்போது, பட்டாளத்தில் ஒரு நடவடிக்கைக்கு முன் கொடுக்கும் ஆப்பரேஷன் ஆர்டரின் வடிவம் கைகொடுக்கும்: தகவல், நோக்கம், செயல்முறை, நிர்வாகம், தொடர்பு. நேர்ச்சை செய்பவர்கள் பெரும்பாலும் நோக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். 'குடிக்க மாட்டேன்' நோக்கம். 'இரவு எட்டு மணிக்கு ஆசை வந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடப்பேன்' செயல்முறை. 'இந்த மாதக் கோட்டாவை எடுக்க மாட்டேன், கேன்டீனுக்கு மனைவியோடுதான் போவேன்' நிர்வாகம். தொடர்பு என்பது ராத்திரியிலும் போனை எடுக்கும் ஒருவர்: பங்குத்தந்தையோ, போதகரோ, பழைய யூனிட் தோழரோ. ஐந்தாம் நிலையில், இயேசுவின் சிலுவையைச் சுமக்கக் கைகொடுத்த சீமோன் செய்தது அந்த வேலைதான்.

தினமும் நிறையக் குடித்துவந்தவர் மலையில் சபதம் எடுத்துத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒரு நாளுக்குள் கைநடுக்கமும் வியர்வையும், சிலருக்கு வலிப்பும் வரும், உயிருக்கே ஆபத்து. முதலில் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் டாக்டர், பிறகு மலை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் ஏற வேண்டாம். கத்தோலிக்க ஒழுங்கின்படி ஒருசந்தி நோன்பு திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே, 18 முதல் 59 வயதுவரை. ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறு உணவு. நோயாளிக்கு அதுவும் கட்டாயமில்லை.

முழங்கால் தேய்ந்தவர்கள் வாகனப் பாதையில் ஆட்டோவில் ஏறிவிட்டு, கோயிலில் அமர்ந்தே பதினான்கு நிலைகளையும் சொல்லலாம். நேரமிருந்தால் பரங்கிமலை மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் மாறி, கிண்டியை அடுத்த சின்னமலையில் இறங்கி, இயேசுவின் சீடர் தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகையையும் பார்த்துவிட்டுப் போகலாம்.