ஐந்தரை மீற்றர் துணியும் ஒரு சின்ன பிளாட்டும்

குவில்ட் என்பது துண்டுகளை ஒட்டிய மேல்துணி, நடுவில் ஒரு படை, கீழே அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை. அதைத் தைக்கும்போது சின்னத் துண்டுகளை வெட்டிப் பொருத்துவதுதான் கஷ்டம் என்பார்கள். அதெல்லாம் ஒரு மேசை, ஒரு விளக்கு இருந்தால் நடந்துவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன பிளாட்டுக்குள் என்னைத் திணறவைத்தது அடித்துணி. விரித்தால் ஹோல் முழுக்க அதுதான், கால் வைக்கக்கூட இடமிருக்காது.

முதலில் கணக்கு. என் மேல்துணி 74க்கு 90 அங்குலம். அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலமாவது கூட வேண்டும், ஆக 82க்கு 98. கடையில் கிடைக்கும் சாதாரண பருத்தித் துணி 45 அங்குல அகலம்தான். அதனால் இரண்டு நீளங்களை ஒட்டுப்போட வேண்டும்: 196 அங்குலம். பருத்தி முதல் கழுவலில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம், முனைகளை நேராக்கவும் கொஞ்சம் போகும். எல்லாம் சேர்த்து ஐந்தரை மீற்றர் வாங்கினேன். 100ஆம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், சிவப்புப் பள்ளிவாசல் இருக்கிற இரண்டாம் குறுக்குத் தெருவில் ஏறி இறங்கினால் இந்த வகைத் துணிக்குப் பஞ்சமில்லை. ஒன்று மட்டும் சொல்லி வாங்குங்கள்: கத்தரிக்கோலால் வெட்டாமல் கிழித்துத் தரச் சொல்லுங்கள். கடைப் பலகையில் அவசரத்தில் வெட்டியது ஒரு பக்கம் இரண்டு அங்குலம் சரிந்து வந்தால், நட்டம் நமக்குத்தான்.

கழுவப் போடுமுன் நாலு மூலைகளிலும் ஒரு சின்ன முக்கோணம் வெட்டிவிட்டேன். நூல் பிரிந்து சிக்கலாவது அதனால் நன்றாகக் குறையும். மொட்டை மாடிக் கொடியில் கரைப்பக்கத்தை (துணியின் நீளவாட்டில் இறுக்கமாக நெய்திருக்கும் ஓரம்) பிடித்துத் தொங்கவிட்டு, முழுக்கக் காயுமுன் எடுத்து அயர்ன் பண்ணினேன். அயர்னைக் கோணலாக இழுக்கக்கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். மூலைவாட்டில் துணி ரப்பர் மாதிரி இழுபடும், பிறகு எந்த அளவும் நிற்காது.

அடுத்தது, துணியின் நேரைக் கண்டுபிடிக்க அதை மடிப்பது. கடைக்காரர் மடித்துத் தந்த கோட்டை நம்பவே கூடாது, கழுவியபின் அது எங்கேயோ போயிருக்கும். இதற்குக் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். பக்கத்து பிளாட் அன்ரி யாழ்ப்பாணத்தில் தையல் பழக்கியவர், அவரைக் கூப்பிட்டேன். இரண்டு கரைகளையும் சேர்த்து ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு நின்றோம். கீழே மடிப்பில் சாய்வாகச் சுருக்கம் விழுந்தது. நான் இழுத்துச் சரிசெய்யப் பார்த்தேன்.

“இழுக்காதை பிள்ளை. துணி தன்ர பாரத்தில விழட்டும். நீ கரையை மட்டும் மெள்ள நகர்த்து.”

ஒரு கரையை மற்றதன்மேல் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் அந்தச் சுருக்கம் அப்படியே காணாமல் போகிறது. மடிப்பு தட்டையாகத் தொங்குகிறது. அதுதான் துணியின் நேர், அதாவது இழை ஓடும் திசை. கரைகளின் முனைகள் அப்போது சமமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நீளத்தைப் பாதியாக்குவதற்குக் கத்தரிக்கோல் பெரிதாகத் தேவைப்படவில்லை. கரையில் ஓர் அங்குலம் வெட்டிவிட்டு இரண்டு கைகளாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்தோம். சாதா நெசவுப் பருத்தி இழை வழியேதான் கிழியும், எந்த ரூலரும் அவ்வளவு நேராக வராது. கிழிந்த ஓரம் கொஞ்சம் சுருண்டிருக்கும், அயர்ன் பண்ணி அரை அங்குலத்தை வெட்டிவிட்டால் சரி. தடித்த நூல் கைத்தறித் துணியில் மட்டும் இந்த வேலை வேண்டாம், ஓரம் பாழாகிவிடும். அதில் குறுக்கே ஒரு நூலை உருவி எடுத்து, அந்தத் தடத்தில் வெட்டுவதுதான் பாதுகாப்பு.

மேல்துணியின் பார்டர் பட்டிகளுக்கு வேறொரு துணி. அதை ரோட்டரி கட்டரால்தான் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) வெட்டினேன். 45 மில்லிமீற்றர் கத்தி இரண்டு மடிப்புக்குத் தாராளம், நாலு மடிப்பென்றால் 60 மில்லிமீற்றர் இருந்தால் கை நோகாது. பார்டரைக் கரைக்குச் சமாந்தரமாக, நீளவாட்டில் எடுங்கள், அந்தப் பக்கம் இழுபடுவது குறைவு. அதோடு பார்டரை முதலில் எடுத்துவிட்டு மிச்சத்தில் சின்னத் துண்டுகளை வெட்டுங்கள். மாறிச் செய்தால் நீளம் எங்குமே மிஞ்சாது.

ரூலர் 24 அங்குலம், பட்டியோ 90க்கு மேல். ஆகவே துணியைக் குறுக்கே மடித்து மடித்துத்தான் வெட்ட முடியும். ஒவ்வொரு மடிப்பும் கரைக்குச் சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும். ஒன்று கோணினாலும் விரித்துப் பார்க்கும்போது மடிப்பு இருந்த இடத்தில் பட்டி முழங்கை மடக்கியதுபோல வளைந்திருக்கும். மேசைக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகளைப் போட்டு மிச்சத் துணியை அதன்மேல் விசிறி மடிப்பாக வைத்தேன். கீழே தொங்கவிட்டால் அந்தப் பாரமே ரூலருக்கு அடியிலிருந்து துணியை இழுத்துக்கொண்டு போகும். ஃபானையும் நிறுத்த வேண்டும். கொழும்பு வெக்கையில் அதுதான் பெரிய தண்டனை.

கடைசியாக அடித்துணி. இரண்டு துண்டில் ஒன்றை நீளவாட்டில் பாதியாகக் கிழித்து, முழுத் துண்டின் இருபுறமும் ஒட்டினேன். நட்டநடுவில் ஒரே ஒட்டு வந்தால், எப்போதும் மடிக்கும் இடத்திலேயே தையல் தேய்ந்துபோகும். ஒட்டுமுன் கரைகளை வெட்டி எடுத்துவிடுங்கள், அந்த இறுக்கமான நெசவு தையலைச் சுருக்கும். ஓரத்தை இப்போது சதுரமாக வெட்டத் தேவையில்லை. நடுவில் பழைய பெட்சீட்டை வைத்து (நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு எதற்கு?), மூன்றையும் சேர்த்துத் தைத்து முடித்தபிறகு, கூடுதலாக நிற்பதை ஒரே தரமாக வெட்டிக்கொள்ளலாம்.